இரண்டாவது கதவு

ராஸ் அல் கைமா கடலோரம் ஒரு மதிற்கோட்டை.
தெர்மாகோல் கல், மேலே சிமெண்ட் பூச்சு,
பின்னால் எங்கள் கம்பெனிப் பைப்புகள்.
பத்து வருடம் முற்றுகையில் நின்ற நகரத்தைப்
பதினேழு நாளில் நிறுத்தினோம்,
வெள்ளிக்கிழமை ஓவர்டைம் சேர்த்து.

அப்புறம் குதிரை.

கதைக்குக் காவலாக
கிரேக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார்.
காலிரோயி என்று பெயர். வாயில் நுழையாமல்
சூசைமாணிக்கம் அவரைக் 'கல்லூரி மேடம்' ஆக்கினான்.
தினமும் இயக்குநரோடு தகராறு:
அங்கவடி இல்லாத காலமய்யா அது.
தெய்வங்களை எல்லாம் எங்கே ஒளித்துவைத்தீர்கள்?
அந்த அரசன் இந்தப் போரில் சாகிறவன் இல்லை,
வீட்டுக்குப் போய்க் குளியலறையில்
மனைவி கையால் சாகவேண்டியவன்.
இங்கேயே அவனைக் கொன்றுவிட்டால்
அவள் தன் பத்து வருடக் கோபத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

குதிரை வயிற்றுக்குள் கிளாம்ப் முறுக்கிக்கொண்டு
நான் எல்லாவற்றையும் கேட்டேன்.

மலையில் வெட்டிய ஊசியிலை மரம் என்கிறது கதை.
எங்களுக்கு வந்தது பிளைவுட், பதினெட்டு எம்எம்.
உள்ளே முப்பது பேர் என்பார்கள், ஐம்பது என்பார்கள்,
மூவாயிரம் என்றும் எவனோ எழுதிவைத்திருக்கிறானாம்.
சிவில் டிஃபென்ஸ் அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து
ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
அதோடு, அவசரத்துக்கு இன்னொரு கதவு.

மேடம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.
அந்தக் குதிரைக்கு ஒரே கதவு என்றார்.
வெளியே ஒருத்தி சுற்றிச் சுற்றி வந்து
அவரவர் மனைவியின் குரலில்
பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
உள்ளே ஒருவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.
இன்னொருவன் பாய்ந்து அதைப் பொத்தினான்.
பின்னால் ஒரு கதவு இருந்தால்
அந்த வாயைப் பொத்துவதற்கு என்ன பொருள்?

ஜஹபர் அண்ணன் அதை அரபியில் சொன்னார்.
அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.
நல்ல கதை என்றார்.
கதவு வேண்டும் என்றார்.

வெட்டினேன். வாலுக்குக் கீழே, இரண்டடிக்கு மூன்றடி.
மொமினுல் கீல் வைத்தான்.

அன்று ராத்திரி சஜ்ஜா கேம்பில்
எங்கள் அறைக் கதவுகளை எண்ணினேன்.
பன்னிரண்டு பேர். ஒன்று.
போனில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
மேல் கட்டிலில் நைட் ஷிப்ட் முடித்தவன் தூங்கினான்.
போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டே
பதில் சொன்னேன்.

குதிரை செய்தவனுக்குக் கதையில் பெயர் உண்டாம்.
அரசர்களுக்குத் தண்ணீர் சுமந்தவன் என்றார் மேடம்,
சுலைமானி டீயை ஊதியபடி,
என் கையிலிருந்த டிரில்லைப் பார்த்து.
படத்தில் அவன் இல்லை.
அரசன் விரலை நீட்டுகிறான்,
அடுத்த காட்சியில் குதிரை நிற்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து, ஷார்ஜாவில், இரண்டாம் ஆட்டம்.
பகலில் வருகிற குதிரை எங்களுடையது அல்ல,
கம்ப்யூட்டரில் வளர்ந்தது, மலை மாதிரி.
எங்கள் பைப்புகள் அதற்குள்
அஜ்மானில் ஒரு மாலுக்கு முட்டுக் கொடுத்திருந்தன.
பத்து வருடம் ஒரு பாட்டில் முடிந்தது:
அலை, தாடி, அலை, இன்னும் நீளமாய்த் தாடி.
அரசனை அங்கேயே கொன்றுவிட்டார்கள்.
கதையை நாசம் பண்ணிட்டாங்க
என்று முன்வரிசையில் ஒரு பையன் கத்தினான்.
நியாயம்தான். அந்தக் கோபக்காரியை நினைத்து
எனக்கும் வருத்தம்.

ஆனால் ராத்திரிக் காட்சியில், நாலே நொடி,
தீவெளிச்சத்தில் ஒரு குதிரையின் பின்புறம்.
வாலுக்குக் கீழே சதுரமாக, மயிரிழையாய்,
எந்தக் கதையிலும் இல்லாத ஒரு கோடு.

மொமினுலின் தொடையைத் தட்டினேன்.
பார்த்தாயா?

பார்த்தேன் என்றான்.
கீல் கொஞ்சம் கோணல்.